டொக்டரிடம் மறைக்காத உண்மை



கிளினிக் நாளன்று ஒரு தாயும் மகனும் உடப்புசல்லாவையில் பஸ் ஏறி, இராகலை, கந்தப்பளை வழியாக நுவரெலியா வைத்தியசாலைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மகன் மனநோய்க்கு மருந்து எடுப்பவர். "குடிக்கிறீர்களா?" என்று டொக்டர் கேட்கிறார். "இல்லை" என்கிறார் மகன். தாய் தலை குனிகிறார். உண்மையைச் சொன்னால் ஏசுவார்களோ என்ற பயம். டொக்டரோ, மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டக்கூடும்.

அவர் ஏன் குடிக்கிறார்? காணியையும் தெரிந்த தொழிலையும் இழந்து வந்தவருக்குப் பகல் நீளம். இரவு அதைவிட நீளம். காதில் கேட்கும் குரலை அடக்கவும், தூக்கம் வரவும் குடிப்பவர்கள் உண்டு. இதைத் திமிர் என்று ஒதுக்கிவிட முடியாது. வேதனைக்கு அவரே தேடிக்கொண்ட பிழையான மருந்து இது.

நாம் அறிய வேண்டியவை:

1. மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம். கசிப்பில் மெதனோல் கலந்திருந்தால் பார்வையும் உயிரும் போகலாம்.

2. சிகரெட், பீடிப் புகை, குளோசபின், ஒலன்சபின் போன்ற மருந்துகளின் பலத்தைக் குறைக்கும். புகைப்பதை விட்டால் உடலில் மருந்தின் அளவு கூடும். ஆகவே விடும்போதும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

3. கை நடுக்கத்துக்கும் உடல் இறுக்கத்துக்கும் தரப்படும் பென்செக்சோல் மாத்திரைக்கு எதிராகப் பாக்கிலுள்ள அரிகோலின் வேலை செய்யும். எனவே வெற்றிலை போடுவதையும் சொல்லுங்கள்.

4. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம். வைத்திய உதவியுடனேயே நிறுத்த வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடியது என்ன? குடித்துவிட்டார் என்ற கோபத்தில் மருந்தை அடியோடு நிறுத்தாதீர்கள்; நோய் திரும்பும். குடித்த நாளில் எந்த மாத்திரையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கிளினிக்குக்கு அவரைத் தனியே அனுப்பாதீர்கள். தோட்டத்திலோ மரக்கறிக் கொத்திலோ அவரால் முடிந்த ஒரு சிறு வேலையைக் கொடுங்கள். நீண்ட பகல் கொஞ்சம் குறையும்.

தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

கலந்துரையாட:

அ) நம் லயத்தில் இப்படியொருவர் இருந்தால் அவரை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்?

ஆ) அடுத்த கிளினிக் நாளில் அவருடன் பஸ் ஏறப் போவது யார்?