முன்பாரம் ஏற்றும் சைக்கிளுக்கு எந்தப் போர்க்?

டீ கேன், பால் கேன், ரொட்டிப் பெட்டி என்று முன்பக்கம் பாரம் வைத்து வியாபாரம் செய்யும் சகோதரர்கள் நம் மஹல்லாவில் பலர். பின் கேரியர் ஒடிந்தால் பெரும்பாலும் சரக்கோடு போகும். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் ஒடிந்தால் ஆள் முகங்குப்புற விழுவார். கொதிக்கும் டீயும் மேலே கவிழும். அதே சைக்கிளில்தான் சாயங்காலம் பிள்ளையையும் மதரஸாவுக்கு ஏற்றிப் போகிறோம்.

20 லிட்டர் பால் மட்டுமே 20 கிலோவுக்குச் சற்று மேல். கேனின் எடை தனி. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அந்தப் பாரம் இன்னும் பலமாக அடிக்கும். பாரம் போர்க்கின் கால்களை முன்னோக்கி வளைக்கிறது. முன்பிரேக் பிடித்தால் அவை பின்னோக்கி வளைகின்றன. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான், மெதுவாக நடக்கிறது. இரண்டு கால்களும் மேல்குழாயோடு சேரும் தலைப்பகுதியில்தான் இந்த அழுத்தம் அதிகம். ஆகவே கடையில் பெயிண்டின் பளபளப்பை விட்டுவிட்டு, அந்த இணைப்பு தடிமனாக, இடைவெளியில்லாமல் பற்றவைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாரத்துக்கு இரும்புப் போர்க்கே ஏற்றது. அது பெரும்பாலும் ஒடியுமுன் வளைந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் அவ்வளவு அவகாசம் தராது. ஸ்பிரிங் வைத்த ஷாக் அப்சார்பர் போர்க் பார்க்க அழகு, பையன்கள் அதைத்தான் கேட்பார்கள். பாரத்தில் அது அமுங்கி, பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் குனியும். பழைய கறுப்புப் பாரச் சைக்கிள்களில் அச்சிலிருந்து மேலே வரை இருபுறமும் கூடுதல் தாங்குகம்பி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிடைத்தால் அதை வாங்குங்கள். ஆனால் இரு முனையிலும் நட்டு இறுகியிருக்க வேண்டும். ஆடும் கம்பி எதையும் தாங்காது.

28 அங்குலச் சக்கரத்துக்கு அதற்கான போர்க்தான் பொருந்தும். மேல்குழாயின் நீளமும் மரையும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள்.

கேனை ஹேண்டில்பாரில் தொங்கவிடுவதைவிட, அச்சருகே ஊன்றிய முன்கேரியரில் தாழ்வாக, இருபுறமும் சமமாக வைத்தால் போர்க்குக்கும் சுமை குறைவு, ஓட்டவும் சுலபம்.

வளைந்த போர்க்கைப் பெண்டு எடுத்துத் திரும்ப மாட்டாதீர்கள். நிமிர்த்திய இடம் பலவீனமாகவே இருக்கும். மிச்சமாகும் பணம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாது. வாரம் ஒருமுறை தலைப்பகுதியைத் துடைத்து, பெயிண்டில் மயிரிழை விரிசல் உண்டா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முன்பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். கழுத்தில் ‘டக்’கென்று ஆடினால் பால்ரஸ் கப்பை இறுக்கச் சொல்லுங்கள். விரிசல் தெரிந்தால் அன்றே பாரத்தை இறக்கிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.