கடிகாரம் காட்டும் எண்ணும் உடல் உணர்த்தும் குறிப்பும்

இதய சிகிச்சைக்குப் பின், மருத்துவரின் இசைவோடு நடைப்பயிற்சியோ மெல்லோட்டமோ தொடங்குவோர் பலர் இன்று ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் அணிகின்றனர். தூரம், வேகம், இதயத்துடிப்பு ஆகியவற்றை அது காட்டுகிறது. இவற்றுள் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அறிந்து பயன்படுத்தினால் அது நல்ல துணையாக அமையும்.

தூரமும் வேகமும்

குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு கடிகாரம் தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அடர்ந்த மரங்களின் கீழும் இக்கணக்கில் பிழை நேரலாம். எனவே திறந்த வெளியில் நின்று, கடிகாரம் இருப்பிடத்தைக் கண்டறிந்த பின்னரே புறப்பட வேண்டும். நொடிக்கு நொடி மாறும் வேகத்தைப் பாராமல், ஒரு கிலோமீட்டருக்கான சராசரியைப் பார்ப்பதே போதுமானது.

இதயத்துடிப்பு

கடிகாரத்தின் அடிப்புறம் பச்சை ஒளியைத் தோலில் செலுத்தி, இரத்த ஓட்டத்தின் மாற்றத்தைக் கொண்டு துடிப்பை அளக்கிறது. பட்டை தளர்ந்திருந்தால் அளவு பிழைபடும். சில வேளைகளில் காலடிகளின் எண்ணிக்கையே துடிப்பாகப் பதிவாகிவிடும். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நழுவாதவாறு பட்டையைக் கட்ட வேண்டும். துடிப்பு ஒழுங்கற்று இருப்போருக்கு இந்த அளவு மேலும் தவறக்கூடும்.

மருந்து உட்கொள்வோர் கவனத்திற்கு

பல கடிகாரங்கள் 220இலிருந்து வயதைக் கழித்து, வரும் எண்ணையே உயர்ந்தபட்சத் துடிப்பாகக் கொள்கின்றன. 60 வயதினருக்கு அது 160. அதில் 70 விழுக்காடு 112. ஆனால் மெட்டோபுரோலால், பிசோபுரோலால், கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்துகள் துடிப்பின் வேகத்தைக் குறைப்பவை. அம்மருந்தை உட்கொள்பவர் 95 துடிப்பிலேயே தமக்குரிய உழைப்பின் எல்லையை எட்டியிருக்கலாம். அந்நிலையில், "இன்னும் வேகமாக" என்று கடிகாரம் தூண்டுவதை ஏற்று 112ஐ எட்ட முயல்வது இதயத்திற்குச் சுமையாகும். எண்ணை எட்டவில்லை என்பதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது அதனினும் ஆபத்தானது.

ஆகவே, மருந்தை வழக்கம்போல் உட்கொள்ளும் நிலையில் செய்யப்பட்ட ட்ரெட்மில் பரிசோதனையைக் கொண்டு மருத்துவர் குறித்துத் தரும் துடிப்பு எல்லையைக் கேட்டறிந்து, அதையே கடிகாரத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பேச்சே அளவுகோல்

பயிற்சியின்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரியானது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால், கடிகாரம் எந்த எண்ணைக் காட்டினாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் 5 முதல் 10 நிமிடங்கள் மெதுவாக நடப்பது இன்றியமையாதது.

குடும்பத்தினர் அறிய வேண்டியவை

"இன்று எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்பதைவிட, "நடக்கும்போது எப்படி இருந்தது?" என்று கேட்பது நன்று. முதல் சில வாரங்கள் உடன் நடந்து பேச்சுக் கொடுத்தால், பேச்சுச் சோதனையும் தானே நிகழ்ந்துவிடும்.

நெஞ்சுவலி, இடது கை அல்லது தாடையில் வலி, மயக்கம், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல், படபடப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் பயிற்சியை உடனே நிறுத்தி அமர வேண்டும். நெஞ்சுவலியோ மயக்கமோ நேர்ந்தாலும், பிற அறிகுறிகள் ஓய்வுக்குப் பின்னும் தணியாவிட்டாலும் தாமதமின்றி 108ஐ அழைக்க வேண்டும். அவ்வேளையில் கடிகாரம் இயல்பான துடிப்பைக் காட்டினாலும் அதை நம்பிக் காத்திருக்கலாகாது.