கோலம் போடுங்கள், கம்ப்யூட்டரில் சரிபாருங்கள்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எதற்கு என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "பிள்ளைங்க படிப்புக்கு" என்பதுதான். மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கேம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது சினிமா. பள்ளியில் பிராஜெக்ட் கேட்டால் இணையத்தில் தேடி, பிரின்ட் எடுத்து, சார்ட்டில் ஒட்டி அனுப்பிவிடுகிறோம். இதில் உழைத்தது பிரின்டர் மட்டுமே.

இந்தப் பாடத்துக்குக் கம்ப்யூட்டருடன் நான்கு கலர் சாக்பீஸும், கோலம் போடத் தெரிந்த ஒருவரும் வேண்டும். எங்கள் குள்ளஞ்சாவடி பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. மார்கழிக் காலையில் தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் புள்ளி தப்பாத கோலங்கள். போட்டவரைக் கேட்டால், "எனக்குக் கணக்கு வராது, கம்ப்யூட்டரைத் தொடவே பயம்" என்பார். இன்றைய பாடத்துக்கு ஆசிரியர் அவர்தான்.

மரியாதைக்காகச் சொல்லவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-ல் கோலம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அது வந்தது கலைப் பத்திரிகையில் அல்ல, கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆய்விதழில்! ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் விதிகளை எழுதி, அதன்படி படங்களை உருவாக்க முடியும் என்று காட்டினார்கள். புரோகிராம் என்பதும் விதிகளின் வரிசைதானே.

முதலில் தரையில்

கம்ப்யூட்டரை இப்போது ஆன் செய்ய வேண்டாம். ஒரு வரிசைக்கு 3 புள்ளி வீதம் 2 வரிசை, நேர்ப்புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள். இனி புள்ளியைத் தொடாமல் சிக்குக் கோலம். விதிகள் இரண்டே. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நேரே போக வேண்டும். ஓரத்துக்கு வந்தால் ஓரப் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து மூடிக்கொள்ளும். இன்னும் கோடு விழாத இடம் மீதி இருந்தால் சாக்பீஸ் கலரை மாற்றி அங்கே தொடங்குங்கள்.

3க்கு 2 கோலம் ஒரே கலரில் முடிந்துவிடும். 2க்கு 2 போட்டால் இரண்டு கலர் தேவைப்படும். 3க்கு 3 என்றால் மூன்று. அப்படியானால் புள்ளி கூடினால் கலரும் கூடுமா? 5க்கு 3 போடச் சொல்லுங்கள். 15 புள்ளி இருந்தும் மறுபடி ஒரே கோடு! 6க்கு 4-ல் இரண்டு, 6க்கு 3-ல் மூன்று. இந்த இடத்தில் பிள்ளை கொஞ்சம் குழம்பும். குழம்பட்டும், அவசரப்பட்டு விளக்கிவிடாதீர்கள்.

6 ஆம் வகுப்பில் மீப்பெரு பொதுக் காரணி, சுருக்கமாக மீ.பொ.கா., என்று ஒன்று வரும். இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் பெரியது. மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்துபோகும் சமாசாரம். கோலத்தில் எத்தனை கலர் தேவை என்பதைச் சொல்வது அதே மீ.பொ.கா.தான். 6க்கும் 4க்கும் அது 2; ஆகவே இரண்டு கோடு. 5க்கும் 3க்கும் 1. ஆகவே ஒரே கோடு. இதைப் பற்றி எழுதிய கணிதப் பேராசிரியர் பவுலஸ் கெர்டஸ், ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் இருந்தவர். அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து வரையும் சோனா என்ற படங்களை ஆராய்ந்தவர், தமிழ்நாட்டுக் கோலங்களையும் அவற்றோடு சேர்த்துப் பார்த்தார்.

இப்போது எக்செல்

கம்ப்யூட்டரை ஆன் செய்து எக்செல்லைத் திறந்துகொள்ளுங்கள். லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் ஆனாலும் சரி. முதல் வரிசையில் தலைப்புகளைக் கொடுத்துவிட்டு, ஏ காலத்தில் ஒரு வரிசைக்கு எத்தனை புள்ளி, பி காலத்தில் எத்தனை வரிசை, சி காலத்தில் தரையில் எண்ணிய கோடுகள் என்று பிள்ளையே நிரப்பட்டும். டி2 செல்லில் நீங்கள் ஃபார்முலாவைக் கொடுங்கள். சமக்குறி, ஜி, சி, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், அடைப்புக்குறிக்குள் ஏ2, கமா, பி2. என்டர் தட்டினால் மீ.பொ.கா. வந்து நிற்கும். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் விடை வந்துவிடும். (எக்செல் 2003 வைத்திருப்பவர்கள் டூல்ஸ் மெனுவில் ஆட்-இன்ஸ் சென்று அனலிசிஸ் டூல்பேக்கை டிக் செய்தால்தான் இந்த ஃபங்ஷன் வேலை செய்யும்.)

சி, டி இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் எக்செல்லைச் சந்தேகிக்க வேண்டாம். தரைக்குப் போய்க் கோடு எங்கே தவறாகத் திரும்பியது என்று தேடுங்கள். புரோகிராமில் தவறு தேடும் வேலையை நாங்கள் அலுவலகத்தில் இப்படித்தான் செய்கிறோம்.

வரிசையை மாற்றி, முதலில் எக்செல், பிறகு கோலம் என்று செய்துவிடாதீர்கள். விடையை முன்பே பார்த்துவிட்ட பிள்ளை சாக்பீஸைக் கையில் எடுக்காது.

ஆமைக்கும் ஒரு கோலம்

1967-ல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். திரையில் உள்ள ஆமைக்கு "முன்னே போ, திரும்பு" என்று கட்டளை கொடுத்தால் அது கோடு வரையும். இன்று விண்டோஸுக்கு எஃப்எம்எஸ்லோகோ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஸ்டால் செய்து திறந்தால் கீழே கட்டளை டைப் செய்யும் கட்டம் இருக்கும். அதில் கீழே உள்ளதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

ரிப்பீட் 5 [எஃப்டி 200 ஆர்டி 144]

எஃப்டி என்பது முன்னே போ, ஆர்டி என்பது வலது பக்கம் திரும்பு. ஐந்து முனை நட்சத்திரம் ஒரே கோட்டில் வரும். 144 எங்கிருந்து வந்தது? வட்டமாக 5 புள்ளி வைத்து, ஒன்று விட்டு ஒன்றாக, அதாவது இரண்டிரண்டாகத் தாவுகிறோம். 360-ஐ 5-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 144. இதைத் திரையில் பார்ப்பதோடு விட்டுவிடாமல் பிள்ளையையே ஆமையாக்கி முற்றத்தில் நடக்க விடுங்கள். தொடங்கிய இடத்துக்கு வரும்போது இரண்டு முழுச் சுற்று சுற்றியிருப்பது காலுக்கே தெரியும்.

அடுத்து சிஎஸ் என்று டைப் செய்து திரையை அழித்துவிட்டு, 6 முனைக்கு முயலுங்கள். 360-ஐ 6-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 120. ரிப்பீட் 6, ஆர்டி 120 என்று கொடுத்தால் நட்சத்திரம் வராது, ஆமை ஒரே முக்கோணத்தை இரண்டு முறை வரைந்துவிட்டு நிற்கும்! 6க்கும் 2க்கும் மீ.பொ.கா. 2. முனைக்கு முனை தாவும் இந்த விதிப்படி போனால் ஆறு முனை நட்சத்திரத்துக்கு இரண்டு தனி முக்கோணங்கள் வேண்டும், நடுவில் கையை எடுத்தே ஆக வேண்டும். 8 முனையில் இரண்டிரண்டாகத் தாவினால் சதுரம்தான் வரும். மும்மூன்றாக, அதாவது 135 டிகிரி திரும்பினால், அழகான நட்சத்திரம்.

7 முனைக்கு முழு எண்ணில் கோணம் கிடைக்காது. கவலை வேண்டாம். ஆர்டி என்பதற்குப் பிறகு 720/7 என்றே கொடுங்கள், வகுத்தலை லோகோ பார்த்துக்கொள்ளும். மும்மூன்றாகத் தாவ 1080/7. இரண்டுமே நட்சத்திரமாக வரும். 11, 13 முனைகளிலும் எத்தனை எத்தனையாகத் தாவினாலும் ஒரு முனைகூட விடுபடாது. 9-ல் மட்டும் மும்மூன்றாகத் தாவிப் பார்க்கச் சொல்லுங்கள். காரணத்தைப் பிள்ளையே உங்களுக்கு விளக்கட்டும்.