மே மாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்

விடுமுறைக்கு விராலிமலை வந்தால், அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் பிள்ளைகளின் அப்பாக்கள் தேடி வந்துவிடுகிறார்கள். “மே மாசம் படிப்பு முடியுது தம்பி, அப்புறம் வேலைக்கு எழுதிப் போட்டா சரியா?” என்பதுதான் கேள்வி. மே மாதம் ரொம்பத் தாமதம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் ஓபிடி எனப்படும் 12 மாத வேலை அனுமதிக்கு, படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அதாவது பிப்ரவரியிலேயே. முடிந்த பிறகும் 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் பல்கலைக்கழக அதிகாரி பரிந்துரையைப் பதிவுசெய்த 30 நாளுக்குள் ஐ-765 விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தட்டிப்போவது பெரும்பாலும் இந்த 30 நாளில்தான்.

நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது தொடக்கத் தேதிக்காக. படிப்பு முடிந்தபின் வரும் 60 நாளுக்குள் ஒரு தேதியை நாமே குறிக்கலாம். அனுமதி தொடங்கியதும் வேலையில்லாத நாள்களை எண்ண ஆரம்பிப்பார்கள், சனி ஞாயிறையும் சேர்த்து. மொத்தம் 90தான். கையில் வேலை இல்லாதவர் தேதியைத் தள்ளிப்போடுவது நல்லது; நானும் அதைத்தான் செய்தேன். இதில் ஊர்க் கணக்கு ஒன்றும் இருக்கிறது. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். நம் பக்கம் அது நிலப் பத்திரமாகவோ வீட்டுப் பத்திரமாகவோ இருக்கும். படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்குவது வழக்கம், வட்டி அதற்கு முன்பிருந்தே ஏறும். நீங்கள் தேதியைத் தள்ளினால் அனுமதி தள்ளிப்போகும், தவணை தள்ளிப்போகாது. அந்த இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைக் கடைசி செமஸ்டரிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் படிப்புக்கு ஓபிடியில் இன்னும் 24 மாதம் நீட்டிப்பு கிடைக்கும். ஒரே மேலாண்மைப் படிப்பு ஓரிடத்தில் ஸ்டெம் பட்டியலில் இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள பாடக் குறியீட்டைச் சேரும்போதே பாருங்கள். இந்த நீட்டிப்புக்கு, வேலை தரும் நிறுவனம் இ-வெரிஃபை என்ற அரசின் பணியாளர் சரிபார்ப்பு முறையில் பதிந்திருக்க வேண்டும். படிக்கும்போதே சிபிடி எனப்படும் படிப்புக்கால வேலைப் பயிற்சியை முழுநேரமாக 12 மாதம் செய்துவிட்டால் ஓபிடியே கிடையாது.

வேலையில்லாத நாள் 90ஐ நெருங்கும்போது, சம்பளமில்லாமல் பெயரை மட்டும் காட்டித் தருகிறோம் என்று சில கன்சல்டன்சிக்காரர்கள் வருவார்கள். கிட்டவே போகாதீர்கள். மிச்சிகனில் ஃபார்மிங்டன் என்ற போலிப் பல்கலைக்கழகத்தை அமெரிக்க அரசே நடத்தி, 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்களைப் பிடித்தது. காகிதத்தில் மட்டும் இருப்பதை அங்கே தேடிப்பிடிப்பார்கள்.

வேலை அனுமதி அட்டை தபாலில் வரும். வீடு மாறினால் தபால் துறை அதைப் புது முகவரிக்கு அனுப்பாது, ஆகவே இடம் மாறாத நண்பரின் முகவரியைக் கொடுங்கள்.

அம்மாக்கள் வைகாசி விசாகத்துக்குக் கூப்பிடுவார்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் வரத் தடை இல்லை. அனுமதி கிடைத்தபின் வேலையில்லாமல் வந்து திரும்பும்போதுதான் சிக்கல். வேலை கிடைத்தபின் தைப்பூசத்துக்கு வரலாம். வேலை உத்தரவு, அனுமதி அட்டை, ஆறு மாதத்துக்குள் கையெழுத்தான ஐ-20 மூன்றும் பையில் இருக்கட்டும். விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைத்த பிறகே டிக்கெட் போடுங்கள்.