கர்மயோகமா, பயமா?



போன வருடம் ஒரு கிடங்கில் கணக்கு வேலையில் இருந்தேன். தினமும் வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகும். ஓ.டி. பணம் கேட்டதில்லை. அம்மா கேட்டால், "பலனை எதிர்பார்க்காம வேலை செய்யணும்னு கண்ணனே சொல்லியிருக்காரும்மா" என்பேன். உண்மையில் கேட்கப் பயம். அந்தப் பயத்தைக் கீதையால் மூடி வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் கீதை வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். வகுப்பெடுக்கும் ஐயா திட்டவில்லை. "தம்பி, ரெண்டாம் அத்தியாயத்தோட நிறுத்திட்டியா? ஆறாம் அத்தியாயம் வரைக்கும் வாப்பா" என்றார்.

அங்கே 16, 17ஆம் சுலோகங்களின் கருத்து இது: மிகுதியாக உண்பவனுக்கும் பட்டினி கிடப்பவனுக்கும் யோகம் கைகூடாது, அதிகம் தூங்குபவனுக்கும் தூங்காதவனுக்கும் அப்படியே. உணவு, உழைப்பு, உறக்கம் எல்லாவற்றிலும் அளவு காப்பவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும்.

அப்படியென்றால் இரண்டாம் அத்தியாயம் 47ஆம் சுலோகம்? பலன்மேல் பற்று வேண்டாம் என்கிறது, சரி. உழைத்த கூலியை விட்டுவிடு என்று அதில் இல்லையே! செயலற்று இருப்பதிலும் பற்று வைக்காதே என்றும் அதே சுலோகம் சொல்கிறது. நியாயத்தைக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருந்த நான் எந்தப் பக்கம்?

நம் நாட்டுச் சட்டமும் அளவு வைத்திருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் நடப்புக்கு வந்தது.

• வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது.
• வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும்.

சட்டத்தில் உள்ள மற்றவை: தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு வேண்டும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாதவர்களுக்கு, சாதாரண வேலை நாளின் ஓ.டி.க்கு மணிக்கு ஒன்றரை மடங்காவது சம்பளம் உண்டு.

நான் ஒரு மாத வேலை நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் பணிவாகப் பேசினேன். கை நடுங்கியது. பழைய பணம் முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து ஓ.டி. கணக்கில் ஏறியது, வாரத்தில் மூன்று நாளாவது அம்மாவோடு சாப்பிடுகிறேன். வேலையிலும் தப்பு குறைந்திருக்கிறது.

இந்த வாரப் பயிற்சி: ஏழு நாளும் வேலை, தூக்கம், சாப்பாடு, வழிபாடு ஆகியவற்றின் நேரத்தை எழுதுங்கள். எங்கே அளவு தப்புகிறது? அதற்குக் காரணம் கடமையா, பயமா? அடுத்த வகுப்பில் பேசுவோம்.