பத்திரம் யார் பெயரில்? தீர்மானம் யார் கையில்?
(படிப்பு வட்டப் பாடம்)

போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் புறப்படும் ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகின்றன. அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களிற் பல குத்தகை நிலங்களாம் என்பதை நாம் அறிவோம். செடி நம் கையால் வளர்கிறது. மண்ணின் உரிமையோ வேறிடத்தில் இருக்கிறது. நெசவாளருக்கும் இக்கேள்வி புதியதன்று. தறி ஒருவர் வீட்டில் இருக்க, அதில் ஓடும் நூல் வேறொருவருடையதாக இருந்த காலத்தின் துன்பத்தாலன்றோ நெசவாளர் சங்கங்கள் பிறந்தன?

ஆகவே, தனி மனிதர் எவருக்கும் நிலம் சொந்தமில்லாத, குடியிருப்போரே கூடித் தம் காரியங்களை நடத்திக்கொள்ள முயலும் ஓர் ஊர் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு என்று அறிந்தபோது, அதை நேரிற் கண்டு வர நம் அங்கத்தினர் சிலர் புறப்பட்டோம். அவ்வூர் ஆரோவில். புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது.

கண்ட காட்சி

1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், ஸ்ரீ அன்னை என வழங்கப்பெற்ற மிர்ரா அல்பாஸா இவ்வூரைத் தொடங்கி வைத்தார். 124 நாடுகளின் மண்ணை இளைஞர்கள் கொணர்ந்து ஒரு தாமரைத் தாழியில் இட்டனர். அன்று அங்கே இருந்தது மழைநீர் அரித்த செம்மண் மேடு. வந்து குடியேறியவர்கள் முதலில் வரப்பிட்டு நீரைத் தடுத்தனர். பிறகு மரம் நட்டனர். இன்று அம்மேட்டில் இலட்சக்கணக்கான மரங்கள் நிற்கின்றன. மலைச் சரிவில் மண் அரிப்பைக் கண்டு வருந்தும் நம் விவசாயிகள் அந்த நிழலில் நெடுநேரம் நின்று, வரப்புகளின் அமைப்பை உற்றுப் பார்த்தனர்.

50,000 பேருக்கென எண்ணப்பட்ட அவ்வூரில் இப்போது வாழ்வோர் ஏறத்தாழ 3,300 பேர். சுமார் 60 நாடுகளைச் சேர்ந்தவர்கள் உளர்; அவர்களில் இந்தியர் ஏறத்தாழப் பாதி. சொந்தப் பணம் செலவிட்டு வீடு கட்டியவரும் அவ்வீட்டின் உரிமையாளர் ஆவதில்லை. அவர் வாழுங்காலம் காவலரே. ஊரைவிட்டு நீங்கினால் வீடு பொதுவுக்கு மீளும். அங்குள்ள தொழிற்கூடங்கள் இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பொது நிதிக்கு அளிக்க வேண்டும் என்பது நெறி. பணமே புழங்காத ஊர் என்று சிலர் கூறுவது மிகைக் கூற்று. பணம் உண்டு, அது மண்ணை வாங்கும் வலிமையை மட்டும் அங்கே இழந்திருக்கிறது.

ஒன்றை மறைத்தல் தகாது. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி முதலிய சுற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலைக்கு வருகின்றனர். அவ்வூர்க்காரர்களில் ஆரோவில்வாசிகளாகவே ஆகிவிட்டவர்களும் உளர். ஏனையோருக்கு அவ்வூரின் பேரவையில் இடமில்லை. மாலையில் அவர்கள் சைக்கிளில் வீடு திரும்பும் காட்சி நமக்குப் போடிமெட்டு ஜீப்புகளையே நினைவூட்டியது.

வழக்கும் சட்டமும்

தொடக்கத்தில் ஆரோவிலின் சொத்துகள் ஸ்ரீ அரவிந்தர் சங்கத்தின் பெயரில் இருந்தன. 1973 நவம்பரில் அன்னை மறைந்தார். அதன் பின் அச்சங்கத்துக்கும் குடியிருப்போருக்கும் இடையே பிணக்கு மூண்டது. அன்பின் பேரால் தொடங்கிய ஊரிலும், பத்திரம் யார் பெயரில் என்ற வினா எழாமற் போகவில்லை. 1980இல் மத்திய அரசு அவசரச் சட்டத்தின் வழியே நிர்வாகத்தை ஏற்றது. 1982இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 1988இல் பாராளுமன்றம் ஆரோவில் நிறுவனச் சட்டத்தை இயற்றியது.

இச்சட்டம் மூன்று அமைப்புகளை வகுத்தது. மத்திய அரசு நியமிக்கும் ஆளுகைக் குழு ஒன்று. பதிவேட்டில் பெயருள்ள, 18 வயது நிறைந்த அனைவரும் அடங்கிய குடியிருப்போர் பேரவை இரண்டாவது. உலக ஆலோசனைக் குழு மூன்றாவது. சொத்து நிறுவனத்தின் பெயரில். வாழ்வு பேரவையின் கையில். நெடுங்காலம் இவ்வேற்பாடு பெரிய மோதலின்றி நடந்தது.

ஆனால் வட்டச் சாலை ஒன்றை அமைப்பது பற்றி 2021இல் கருத்து வேற்றுமை முற்றியது. அவ்வாண்டு டிசம்பரில் இளைஞர் மையமும் மரங்களும் இயந்திரங்களால் அகற்றப்பட்டன. நகரத் திட்டம் நிறைவேற வேண்டும் என்றது ஒரு சாரார் வாதம். காடும் பேரவையின் சொல்லும் காக்கப்பட வேண்டும் என்றது மறு சாரார் வாதம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் நீக்கியது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நாம் சென்றோமில்லை. நாம் கற்றது இது: நியமனம் செய்யும் உரிமை எவரிடமோ, கடைசிச் சொல்லும் அவரிடமே சென்று சேர்கிறது.

கடலுக்கு அப்பால் ஓர் ஊர்

ஆரோவிலுக்கு மூன்றாண்டு இளைய ஊர் ஒன்று ஐரோப்பாவில் உண்டு. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில், 1971இல், படையினர் விட்டுச் சென்ற பழைய பாசறைக்குள் வீடற்ற இளைஞர் பலர் புகுந்து குடியேறினர். அதற்குக் கிறிஸ்டியானியா என்று பெயரிட்டனர். பரப்பு ஏறத்தாழ 84 ஏக்கர். மக்கள் சுமார் ஆயிரம் பேர். அங்கே வீட்டை விற்க முடியாது; வீடு காலியானால் அப்பகுதியின் கூட்டமே அடுத்தவரைத் தெரிவு செய்யும். பெரும்பான்மை வாக்கால் முடிவு கட்டாமல் அனைவரும் இசையும் வரை பேசுவதே அவர்கள் வழக்கம். அது மிக மெதுவான முறை. நம் சங்கங்களுக்கு ஆளுக்கொரு வாக்கு என்ற முறையே பொருந்தும் என்று எண்ணுகிறோம்.

2011இல் டென்மார்க் உச்ச நீதிமன்றம் நிலம் அரசுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. கலைந்து போவதா, வாங்குவதா என்ற நிலை. அவர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்து, 2012இல் வங்கிக் கடன் பெற்று நிலத்தின் பெரும்பகுதியை வாங்கினர். 'மக்கள் பங்கு' என்ற பெயரில் பத்திரங்கள் விற்றும் பொருள் சேர்த்தனர். அப்பங்குகள் வாங்கியவருக்கு இலாபமும் இல்லை, நிலத்தில் உரிமையும் இல்லை.

அவ்வூருக்குப் பெரும் பழியாயிருந்தது போதைப்பொருள் விற்ற தெரு. அங்கே வன்முறையும் கொலையும் நிகழ்ந்தன. 2024 ஏப்ரலில் குடியிருப்போரே கடப்பாறை எடுத்துத் தெருவின் கற்களைப் பெயர்த்து அந்த வாணிபத்துக்கு முடிவு கட்ட முனைந்தனர். தன்னாட்சி என்பது தன் குறையைத் தானே அகற்றும் பொறுப்பும் ஆகும்.

நமக்குரிய பாடம்

1844இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 28 பேர், அவர்களிற் பலர் நெசவாளர், சிறு தொகையாகச் சேர்த்துச் சங்கம் கண்டனர். அவர்கள் பேருரை எதுவும் நிகழ்த்தி வெல்லவில்லை. கணக்கை ஒழுங்காக எழுதினர், கூட்டத்துக்கு வந்தனர். நம் சங்கத்தின் பொதுப்பேரவைக்கு எத்தனை பேர் வருகிறோம்? தீர்மானப் புத்தகத்தை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? தேர்ந்தெடுத்த குழு இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகத்தில் சங்கங்கள் இருந்த காலங்களை நாம் மறக்கவில்லை. அக்காலங்களில் அங்கத்தினர் பேச்சு எவ்வளவு தாழ்ந்து ஒலித்தது என்பதும் நினைவில் உள்ளது.

பொதுச் சொத்து என்பது எவரும் கவனிக்காத சொத்தாகிவிடக் கூடாது. பாவு கட்டும்போது ஓர் இழை அறுந்தால் உடனே முடிச்சிடுகிறோம். விட்டுவிட்டால் துணி முழுவதிலும் பழுது ஓடும். சங்கமும் அவ்வாறே.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் கட்டடம், கிடங்கு, நிலம் ஆகியவற்றின் பத்திரம் யார் பெயரில் உள்ளது? அதைப் பார்த்தவர் யார்?

2. சென்ற ஆண்டில் பேரவை எடுத்த தீர்மானங்களில் நிறைவேறியவை எவை? நிறைவேறாதவற்றின் காரணம் என்ன?

3. நம்மோடு உழைத்தும் நம் கூட்டத்தில் அமராதவர் யார்? அவரை அங்கத்தினராக்க நாம் செய்தது என்ன?

மூன்றாம் வினாவுக்கு விடை காண விரும்புவோர், ஒரு நாள் விடியுமுன் போடிமெட்டு ஜீப் புறப்படும் இடத்துக்குச் சென்று நிற்க வேண்டுகிறோம்.