ரத்தம் அவ்வளவு சீக்கிரம் புளிக்காது

உடம்பில் அமிலம் ஏறிவிட்டதாம். சோர்வு, மூட்டுவலி, முடி உதிர்வு எல்லாவற்றுக்கும் அதுதான் காரணமாம். தீர்வு, ஆல்கலைன் வாட்டர் இயந்திரம். விற்க வருபவர் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்து, சொட்டு மருந்து விட்டு, ஒன்று மஞ்சளாகவும் மற்றது நீலமாகவும் மாறுவதைக் காட்டுவார். டம்ளரில் நடப்பது உண்மைதான். வயிற்றுக்குள் போனதும் கதை வேறு.

நம்பிக்கை: காரத்தன்மை கூடிய தண்ணீர் குடித்தால் ரத்தத்தின் அமிலம் குறையும்.

உண்மை: தாது உப்புகள் அதிகமில்லாத, பி.எச் 9.5 உள்ள தண்ணீரை ஒரு லிட்டர் குடிக்கிறீர்கள் என்று வையுங்கள். அதிலுள்ள காரத்தை ஒன்றுமில்லாமல் ஆக்க, பி.எச் 1.5 உள்ள இரைப்பை அமிலம் ஒரே ஒரு மில்லிலிட்டர் போதும். சொட்டு மருந்து செலவுகூட மிச்சம்.

ரத்தத்தின் பி.எச் 7.35க்கும் 7.45க்கும் இடையில்தான் நிற்கும். நிறுத்திவைப்பவை தாங்கல் கரைசல்கள். அவற்றில் முதன்மையானது பைகார்பனேட். அமிலம் வந்தால் அதன் ஹைட்ரஜன் அயனியைப் பைகார்பனேட் பிடித்துக்கொள்கிறது. அது கார்பானிக் அமிலமாகி, தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. வாயுவை நுரையீரல் வெளியே ஊதித் தள்ளிவிடுகிறது. செலவான பைகார்பனேட்டைச் சிறுநீரகம் புதிதாகச் செய்து தருகிறது. நுரையீரலுக்கு நிமிடங்கள் போதும், சிறுநீரகத்துக்கு நாள் கணக்கில் ஆகும். ஹீமோகுளோபினும் எலும்பும்கூட இந்த வேலையில் பங்கெடுக்கின்றன.

இதன் வலிமையை 1955இல் ஸ்வான், பிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். நாயின் உடல்நீரில் லிட்டருக்கு 14 மில்லிமோல் என்ற கணக்கில் அமிலத்தை ஏற்றினார்கள். வெறும் நீராக இருந்திருந்தால் பி.எச் 1.85 அளவுக்குச் சரிந்திருக்கும். நாயின் ரத்தத்திலோ 7.44 என்பது 7.14 ஆனது, அவ்வளவுதான். இத்தனை அமிலத்தைத் தாங்கும் ஏற்பாட்டை ஒரு காபியும் இரண்டு துண்டு கறியும் கவிழ்த்துவிடும் என்பதை எப்படி நம்புவது?

நம்பிக்கை: சிறுநீரில் சோதனைப் பட்டை நனைத்து, உடம்பின் அமிலத்தைக் கண்டுபிடிக்கலாம்.

உண்மை: சிறுநீரின் பி.எச் 4.5 முதல் 8 வரை அலையும். கறி சாப்பிட்டால் இறங்கும், கீரையும் பழமும் சாப்பிட்டால் ஏறும். பட்டை அமிலம் காட்டினால், வேண்டாததைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது என்றுதான் பெரும்பாலும் பொருள்.

நம்பிக்கை: தினமும் ஆப்ப சோடா (அதாவது சோடியம் பைகார்பனேட்) கலந்து குடித்தால் புற்றுநோயே அண்டாது.

உண்மை: இதைப் புத்தகமாக எழுதி விற்றவர்களில் ஒருவர் அமெரிக்கரான ராபர்ட் ஓ. யங். நோயாளிகளுக்குச் சோடா உப்பை நரம்பில் ஏற்றிய அவரை, உரிமமின்றி மருத்துவம் பார்த்த குற்றவாளி என்று 2016இல் கலிஃபோர்னிய நீதிமன்றம் தீர்மானித்தது. கட்டியைச் சுற்றி அமிலம் இருப்பது மெய். ஆனால் அதைச் சுரப்பதே கட்டிதான். சோடாவில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கு 2,000க்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக்கொதிப்புக்காரர் யோசிக்க வேண்டும்.

நம்பிக்கை: அப்படியானால் ரத்தத்தில் அமிலம் ஏறுவது என்பதே கட்டுக்கதை.

உண்மை: இதுவும் தவறு. நாள்பட்ட சிறுநீரக நோயில் பைகார்பனேட் லிட்டருக்கு 22 மில்லிமோலுக்குக் கீழே இறங்கக்கூடும். ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சோடா மாத்திரை எழுதுவார். கடுமையாக ஏறுவது சர்க்கரை நோயில். இன்சுலினை நிறுத்திவிட்டவருக்குக் கீட்டோன் அமிலங்கள் குவிந்து, பைகார்பனேட் தீர்ந்துகொண்டே வரும். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும், வாயில் பழ வாசனை அடிக்கும், வாந்தி வரும். கார்பன் டை ஆக்சைடையாவது வெளியே தள்ளலாம் என்று நுரையீரல் படும் பாடு அந்த மூச்சு. மூச்சுத்திணறல் என்று நீராவி பிடித்துக் காலம் கடத்தாமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஏற்றுவது சலைனும் இன்சுலினும் பொட்டாசியமும். கீட்டோன் கரையக் கரைய உடம்பே பைகார்பனேட்டை மீட்டுக்கொள்ளும் என்பதால், பெரும்பாலானவர்களுக்குச் சோடா ஏற்றுவதே இல்லை.